இழுத்துக்கொள்ளாத கை

திருப்பூர்,
4.1.2009, ஞாயிறு

அன்புள்ள ரோஸ்மேரிக்கு,

வந்து சேர்ந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டதால் சொல்லாமல் வந்ததையெல்லாம் இதில் எழுதுகிறேன். நம் வீட்டுச் சண்டையில் உனக்கு மட்டும் அந்த வசதி இருக்கிறது. நான் கத்தினாலும் உனக்குக் கேட்காது, கையால் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டால் கதை முடிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். நீ திறக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

இது நானாகக் கேட்டு வாங்கிய வேலை இல்லை என்பது உனக்கே தெரியும். அமெரிக்காவில் பாங்குகள் விழுந்ததில் இங்கே கார் வாங்குகிற ஆள் இல்லாமல் போய்விட்டது. கம்பெனி மைதானத்தில் விற்காத கார்கள் வரிசையாக நின்று தூசி குடிக்கின்றன. என்ன செய்வது என்று பெரியவர்கள் கூடி யோசித்து, கதவு மாட்டுகிறவன், சக்கரம் மாட்டுகிறவன் என்று எங்களில் கொஞ்சம் பேரைப் பொறுக்கி எடுத்து, கழுத்தில் டை கட்டிவிட்டு, 'செய்தவனே வந்து விற்றால் ஜனங்கள் நம்புவார்கள்' என்று ஊருக்கு ஒருவராக அனுப்பியிருக்கிறார்கள். மார்ச் முடிவதற்குள் ஐந்து கார் விற்றவன் மறுபடி வேலைக்கு வரலாம். விற்காதவன் என்ன ஆவான் என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் எங்களுக்கும் இல்லை.

எனக்குத் திருப்பூர் விழுந்ததற்கு ஒரே காரணம், கல்யாணத்துக்கு முன் இங்கே பனியன் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்ததுதான். ஊரில் தெரிந்தவர்கள் இருப்பார்களாம். தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களா கார் வாங்கப்போகிறார்கள்?

தங்குவதற்கு ஸ்டேஷன் பக்கம் நல்ல அறை. ஜன்னல் உண்டு, காற்று வருகிறது. சாப்பாடும் பரவாயில்லை. மூன்று மாதம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். என் செல்லில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் வருகிறது, உன்னோடு போனில் பேசவும் முடியாது. அதனால் நமக்குப் பழையபடி கடிதம்தான். பதில் போடு.

உன்,
ஆரோக்கியராஜ்


சுங்குவார்சத்திரம்,
16.1.2009

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டது உங்கள் பேச்சைக் கேட்கக்கூடாது என்பதற்காக இல்லை. அழுகை வந்தது, அதைக் காட்டக்கூடாது என்று மூடினேன். திறந்தபோது வாசலில் ஆள் இல்லை. வெகுநேரம் நின்றேன் என்கிறீர்களே, ஒரே ஒரு தரம் கிட்டே வந்து தோளைத் தொட்டிருந்தால் திறந்திருப்பேனே. நாலு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிற ஆளுக்கு இதுகூடத் தோன்றவில்லையா?

பொங்கல் வந்தது, போனது. வீட்டுக்காரம்மா ஒரு கிண்ணத்தில் பொங்கல் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, என்னிடம் பேசுகிற எல்லோரையும் போல வாயை அகலத் திறந்து ஏதோ சொன்னார்கள். பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவர்கள் மாதிரிதான் ஊரில் எல்லோரும் என் முன்னால் வாயைத் திறக்கிறார்கள். நான் சிரித்துத் தலையாட்டினேன். நீங்கள் போனதிலிருந்து நான் செய்த பேச்சு அவ்வளவுதான். உங்களுக்காவது வாய் இருக்கிறது, எங்கே போனாலும் யாரோடாவது பேசலாம். எனக்கு இருந்தது கை. அதோடு பேசத் தெரிந்த ஒரே ஆளை டை கட்டித் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். என் கை ஊமையாகிவிட்டது மச்சான்.

சாயங்காலம் கரண்ட் போகிறது. மற்றவர்களுக்கு அப்போது விளக்குதான் போகும். எனக்குப் பேச்சும் போகும். நீங்கள் இருந்தபோது இருட்டில் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பேசுவோம். இப்போது கரண்ட் வரும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மறுபடி கேட்கிறேன். நானும் வருகிறேனே. அந்த ஊரே தையல் ஊர் என்கிறார்கள். எனக்குத் தைக்கத் தெரியும். இங்கே சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதை அங்கே பனியனுக்கு அடிக்கிறேன். இதற்கு மட்டும் 'கண்மூடித் திறப்பதற்குள்' என்று பதில் எழுதாதீர்கள். மூடித் திறந்து பார்த்தவள் நான்.

ரோஸ்மேரி


திருப்பூர்,
5.2.2009

அன்புள்ள ரோஸ்,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே மூன்று நாள் அலைந்தேன். தோளைத் தொட்டிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இங்கே நடக்கிற கூத்தை எழுதுகிறேன், கொஞ்சம் சிரி. ஷோரூம் மேனேஜர் சிவசுப்பிரமணியம் சார் எங்களை விட அதிகம் பயந்திருக்கிறார். வாரம் ஒரு திட்டம் வருகிறது. முதல் வாரம் காருக்குத் தங்கக் காசு. அடுத்த வாரம் இன்ஷூரன்ஸ் இலவசம். அதற்கடுத்த வாரம், வாங்கினவருக்கு வேலை போய்விட்டால் காரை அப்படியே திருப்பித் தரலாம் என்று பேனர் கட்டினோம். அன்றைக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி ஆள் வந்து பேனரைப் படித்துவிட்டு, 'கம்பெனியே போயிருச்சுன்னா என்னத்தத் திருப்பிக் குடுப்பீங்க?' என்று கேட்டுவிட்டுப் போனார். பேனரை மறுநாளே கழற்றிவிட்டார்கள்.

இரண்டு கார் விற்றுவிட்டேன். ஒன்று சர்ச் பங்குச் சாமியார் ஒருவருக்கு, ஒன்று பாங்கு ஆபீசர் ஒருவருக்கு. கார் விற்றால் இங்கே ஒரு சடங்கு உண்டு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மணி அடித்து, ஊழியர்கள் எல்லோரும் சுற்றி நின்று கை தட்ட வேண்டும். முதல் கார் போனபோது எல்லோரும் தட்டினார்கள். நான் மட்டும் பழக்கதோஷத்தில், உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கை தட்டுவதற்குப் பதில் செய்வீர்களே, அதைப்போல இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். சாமியாரும் குழம்பிப்போய் எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார். மேனேஜர் முறைத்தார்.

காலையில் போனதும் முதல் வேலை, நிற்கிற கார்களின் கதவுகளைத் திறந்து துடைப்பது. தீபாவளியிலிருந்து ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. அதன் கதவை நான்தான் மாட்டியிருப்பேனோ என்று நினைத்துக்கொள்வேன். இங்கே எனக்குத் தெரிந்த முகம் அதுதான்.

நீ வருவது இப்போது சரிப்படாது. வேலைக்கு வந்தவர்களையே பாதி நாள் வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். தென்பக்கத்துக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பதைத் தினம் பார்க்கிறேன். இன்னும் மூன்று கார்தான். நான் சந்தோஷமாக இருக்கிறேன், என்னைப் பற்றிக் கவலைப்படாதே. அறைக்காரர்கள் நல்லவர்கள்.

உன்,
ஆரோக்கியராஜ்


சுங்குவார்சத்திரம்,
16.2.2009

மச்சான்,

கையாட்டிய இடத்தில் சிரித்தேன். நானாகத் தனியாகச் சிரித்ததைப் பார்த்து வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 'நான் சந்தோஷமாக இருக்கிறேன்' என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

உங்களுக்கு ஒன்று தெரியாது. பொய் எழுதும்போது உங்கள் கையெழுத்து அழகாகிவிடுகிறது. 'தோளைத் தொட்டிருக்க வேண்டும்' என்ற வரி கோணல்மாணலாக இருக்கிறது, அது நிஜம். 'அறைக்காரர்கள் நல்லவர்கள்' என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. முதல் கடிதத்தில் தனி அறை மாதிரி எழுதினீர்கள். இப்போது அறைக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? எத்தனை பேர்? ஜன்னல் நிஜமாகவே இருக்கிறதா?

இங்கே உங்கள் கம்பெனியில் இரண்டு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். ராத்திரி பஸ்ஸும், விடிகாலை பஸ்ஸும் இப்போது வருவதில்லை. அந்த பஸ் சத்தம் எனக்குக் கேட்காதுதான். ஆனால் வரும்போது தரை அதிரும். படுத்திருக்கும்போது முதுகில் தெரியும், நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று எழுந்திருப்பேன். இப்போது அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள்.

எனக்கு நல்ல செய்தி வேண்டாம். ஷோரூம் பேனரில் இருப்பதை எனக்கு எழுதாதீர்கள். கெட்டதாக இருந்தாலும் நிஜமாக ஒன்று எழுதுங்கள். நீங்கள் தனியாகக் கஷ்டப்படுகிறீர்கள் என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் துணை கிடைத்த மாதிரி இருக்கும். இது சுயநலம்தான். எழுதிவிட்டேன்.

ரோஸ்மேரி


திருப்பூர்,
8.3.2009

அன்புள்ள ரோஸ்,

பதில் தாமதமாகிவிட்டது. திருப்பூர் தனி மாவட்டமாகிவிட்டது, தெரியுமா? 'புது மாவட்டம், புது கார்' என்று மேனேஜர் தெருவெங்கும் பேனர் கட்டினார். அதில் என் பங்குக்கு இரண்டு கார் போனது. மொத்தம் நாலு. இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று நேற்றுக் காலைவரை நிம்மதியாக இருந்தேன். நிஜமாக ஒன்று கேட்டாயே, நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து மருதாசலம் என்று ஒரு பெரியவர் வந்தார். மாட்டுத் தரகர், வீட்டிலும் கறவை மாடுகள் வைத்திருக்கிறார். பூட்டிய கடை மாதிரி இருக்கிற எங்கள் ஷோரூமுக்குள் தோளில் துண்டோடு நேராக வந்து அந்த வெள்ளைக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார், முதுகில் தட்டினார். வாயைத் திறந்து பல்லைப் பார்க்காததுதான் குறை. இந்த நேரத்தில் கார் வாங்க எப்படித் துணிந்தீர்கள் என்று கேட்டேன்.

"மில்லுக்காரங்க வாங்காம உட்டாத்தானுங்க தம்பி நம்மகிட்ட வெலை படியும். மழையில்லாத வருசத்துலதானுங்க நான் மாடே புடிக்கறது" என்றார்.

விலைப் பட்டியலை நீட்டினேன். அதைத் தொடவில்லை. சந்தையில் அவர்கள் வாயால் விலை பேசுவதில்லையாம், பத்துப் பேர் காதில் விழுந்துவிடும். துண்டை விரித்து அதற்குள் என் கையைப் பிடித்தார். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்று முதலிலேயே சொன்னார். பிடிக்காத விலை என்றால் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்காமல் வைத்திருந்தால் சம்மதம். பிறகு பேச்சு கிடையாது.

எனக்கு அந்த வழக்கம் சரியாகப் புரியவில்லை. இரண்டு தரம் இழுத்தேன். மூன்றாம் தரம் இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காமல் விட்டுவிட்டேன். அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை பணத்தோடு வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மேனேஜர் எவ்வளவுக்கு முடித்தாய் என்றார். சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கொடுத்திருக்கிற எல்லைக்கு வெகு கீழே போய்விட்டேனாம். கம்பெனி ஒப்புக்கொள்ளவே கொள்ளாது, அந்த ஆள் வீட்டுக்கே போய் முடியாது என்று சொல்லிவிட்டு வா, பட்டியல் விலைக்கு ஒப்புக்கொண்டால் கூட்டிக்கொண்டு வா என்கிறார். நாளைக்கு ஊத்துக்குளி போகிறேன். இது படிந்தால் ஐந்து முடிந்தது, நான் வீட்டுக்கு வந்துவிடலாம். மாதாவிடம் வேண்டிக்கொள்.

உன்,
ஆரோக்கியராஜ்


சுங்குவார்சத்திரம்,
16.3.2009

மச்சான்,

வேண்டிக்கொண்டேன். மெழுகுவர்த்தியும் ஏற்றினேன்.

ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. 'அந்த வழக்கம் சரியாகப் புரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அழகாக எழுதியிருக்கிறீர்கள்! இருட்டில் என் விரல் உங்கள் உள்ளங்கையில் பாதி எழுத்துப் போடும்போதே மீதியைப் படித்துவிடுகிற ஆளுக்கு, அந்தப் பெரியவர் விளக்கமாகச் சொல்லிக் கொடுத்த பிறகும் நாலு விரல் புரியாமல் போய்விட்டதா? வேறு யாரிடமாவது சொல்லுங்கள். அவர் சரியான விலைதான் பிடித்தார், நீங்களும் சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள். அப்புறம் ஏன் இழுக்கவில்லை?

ஊத்துக்குளியில் என்ன ஆயிற்று? எழுதுங்கள். தபால்காரர் சைக்கிள் வருகிற நேரத்தில் தினம் வாசலில் நிற்கிறேன். அவர் தூரத்திலேயே கையை ஆட்டிவிடுகிறார், இல்லை என்று. பாவம், இப்போது இந்த ஊரில் என்னோடு கையால் பேசுகிற ஒரே மனுஷன் அவர்தான்.

ரோஸ்மேரி


திருப்பூர்,
1.4.2009

அன்புள்ள ரோஸ்,

நலம். அந்த மாட்டுக்காரர் விஷயம் சரியாக வரவில்லை, விட்டுவிட்டேன். அதனால் ஒன்றும் இல்லை. நேரம் போதவில்லை என்று எல்லா ஊரிலும் சொன்னதால் கம்பெனி இன்னும் இரண்டு மாதம் நீட்டித்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு கார். மேனேஜரும் என் வேலையைப் பாராட்டுகிறார். மே முடிவதற்குள் கட்டாயம் வந்துவிடுவேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
ஆரோக்கியராஜ்


சுங்குவார்சத்திரம்,
7.4.2009

ஆரோக்கியராஜ் அவர்களுக்கு,

இதுவரை இவ்வளவு அழகான கையெழுத்தில் எனக்கு யாரும் எழுதியதில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள். முனைக் கடைக்கு நூல் வாங்கப் போனேன். கம்பெனி பஸ் நின்றது. உங்கள் லைன் சோணைமுத்து பையோடு இறங்கினார், சேலம் ஷோரூமுக்குப் போனவர். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். அடுத்தது நீங்கள்தான் என்று பஸ் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு மூடி பஸ் நகர்ந்தது. அதற்குப் பிறகும் நின்றேன். சோணைமுத்து என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். உதட்டை மெதுவாக அசைத்து ஏதோ சொல்லிப் பார்த்தார், புரியவில்லை. கடைசியில் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அந்தச் சாடை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

பிறகு அவர் மனைவி வந்து எழுதிக் காட்டினாள். நீட்டிப்பு கிடையாது. சோணைமுத்து மாதிரி ஐந்து விற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், மற்றவர்கள் கணக்கு முடிந்தது. அப்படியானால் நலம் என்று எழுதிய அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வேலை போனதற்கு எனக்குக் கோபம் இல்லை. ஊரெல்லாம் போகிறது. ஆனால் எனக்குக் காது கேட்காது என்பதால் யாரோ ஒருவர் வந்து சொல்லும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா அப்படிச் செய்வார்கள். அத்தை செய்வார்கள். ஏதாவது கெட்டது நடந்தால் எனக்குப் பின்னால் போய் நின்று பேசிக்கொள்வார்கள். எனக்கு முன்னால் வந்து நின்று சொன்ன முதல் ஆள் நீங்கள். அதனால்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன். நீங்களும் இப்போது பின்னால் போய் நின்றுகொண்டீர்கள்.

நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். இனி வருகிற கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

ரோஸ்மேரி


பெருமாநல்லூர்,
12.4.2009, உயிர்ப்பு ஞாயிறு

ரோஸ்,

பிரிப்பாயா என்று தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன். உறைக்கு வெளியே பெருமாநல்லூர் என்று போட்டிருக்கிறேன், அதைப் பார்த்தாவது என்ன ஊர் இது என்று பிரிக்கமாட்டாயா என்ற ஆசைதான்.

முதலில் ஜன்னல். ஜன்னல் கிடையாது. ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் ஆறு பேருக்கு ஒரு அறை. நாலு பேர் வடக்கத்திப் பையன்கள், அவர்கள் இந்தியில் பேசிக்கொள்வார்கள், எனக்கு ஒரு வார்த்தை புரியாது. உன் நிலைமை எப்படி இருக்கும் என்று அந்த அறையில்தான் எனக்குப் பிடிபட்டது. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துத் தலையாட்டுவேன். ஷோரூமில் நாள் முழுக்கப் பேச வேண்டும், சிரிக்க வேண்டும். அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. சாயங்காலம் வாய் வலிக்கும். கை சும்மா கிடக்கும்.

இப்போது துண்டு. நீ கண்டுபிடித்துவிட்டாய். விரல் புரிந்தது. விலை எல்லைக்குக் கீழே போய்விட்டது என்பதும் அந்த நிமிஷமே தெரிந்தது. இழுக்க வேண்டும் என்று தெரிந்துதான் வைத்திருந்தேன். பெரியவர் கை காய்ப்புக் காய்த்து, சூடாக இருந்தது. துண்டுக்குள் இருட்டு. விரல் விரலாக என் கையைத் தொட்டு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது அந்தக் கை. வீட்டைவிட்டு வந்த பிறகு என் கையை யாரும் தொடவில்லை ரோஸ். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கட்டும் என்று விட்டேன். அதற்குள் அவர் துண்டை எடுத்துவிட்டார். வேலை போனது அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

ஊத்துக்குளியில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். காரை நிறுத்துவதற்கென்று மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கத்தை ஒழித்து, தரையைச் சமன் செய்து வைத்திருந்தார். அவர் மனைவி பெரியாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, அந்த விலைக்கு முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது, பட்டியல் விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வழக்கத்தைத்தான் முதலிலேயே சொன்னேனே, ஏன் இழுக்கவில்லை என்று கேட்டார். கம்பெனியில் சொல்லிக் கொடுத்த பதிலை விட்டுவிட்டேன்.

"எங் கையைப் புடிச்சு யாரும் பேசி ரெண்டு மாசமாச்சுங்கய்யா. புடிச்சதும் இழுக்க மனசு வரல" என்றேன்.

ஏன் என்று கேட்டார்கள். உன்னைப் பற்றிச் சொன்னேன், நாம் எப்படிப் பேசுவோம் என்பதையும். அந்தம்மா பெரியவரை முந்திக்கொண்டார்கள்.

"அந்தப் புள்ளய அங்க உட்டுப்போட்டு, இங்க ஆருக்குங் கண்ணு நீ காரு விக்கற?" என்றார்கள்.

பெரியவர் எழுந்து நின்றார். மனசு இரங்கிவிட்டார், வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கும்பிட்டார்.

"உங்க கஷ்டம் புரியுதுங்க தம்பி. கைய இழுக்கறவன்கூட நாளைக்கும் யாவாரம் பண்ணலாமுங்க. இழுக்காம வெச்சிருந்துபோட்டு மறுநாள் வந்து இல்லீங்கறவன்கூட முடியாதுங்க" என்றார். அவ்வளவுதான். மோரைக் குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு மார்ச் முடியும்வரை கார் கேட்டு என்னிடம் ஒரு ஆள் வரவில்லை.

முதல் தேதி கணக்கு முடித்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் உனக்கு அந்த அழகான கடிதத்தை எழுதினேன். மாட்டுக்காரர் வீட்டில், முன்பின் தெரியாதவர்களிடம் சொல்ல முடிந்தது. உன்னிடம் சொல்ல முடியவில்லை. தோற்றுப்போன முகத்தை உனக்குக் காட்ட வெட்கமாக இருந்தது. உன் பின்னால் போய் நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், நின்றேன். மன்னித்துக்கொள் என்று எழுதினால் அதுவும் பேனர் மாதிரி ஆகிவிடும். உன் முன்னால் வந்து நின்று கையால் சொல்கிறேன்.

இப்போது இருக்கிற நிலைமையைச் சொல்கிறேன். பெருமாநல்லூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் அயர்ன் வேலை கிடைத்திருக்கிறது. வாரத்தில் நாலு நாள்தான் வேலை, சில வாரம் மூன்று. வரிசை வீடுகளில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரையில் வெந்துபோவோம். தண்ணீர் தெருக்குழாயில் பிடிக்க வேண்டும். கரண்ட் இங்கேயும் போகிறது. உனக்குத் தையல் வேலை கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், கேட்டுப் பார்க்கலாம். மிஷின் சத்தத்தில் இங்கே எல்லோரும் கையைக் காட்டித்தான் பேசுகிறார்கள். அரைகுறைப் பேச்சு, நீ பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாய்.

ஜன்னல் ஒன்று நிஜமாகவே இருக்கிறது.

நீ வா என்று இதுவரை நான் எழுதவே இல்லை. இப்போது எழுதுகிறேன். வா. வராவிட்டாலும் நான் கையை இழுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆரோக்கியராஜ்


சுங்குவார்சத்திரம்,
18.4.2009

மச்சான்,

இரண்டு நாள் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்திருந்தேன். நேற்றுக் கரண்ட் போனபோது எடுத்து உறையைத் தடவிப் பார்த்தேன். பேனாவை அழுத்தி எழுதியதில் உறைக்கு மேலேயே கிறுக்கல் விரலில் தட்டியது. இவ்வளவு மோசமான கையெழுத்து என்றால் உள்ளே நிஜம்தான் இருக்கும் என்று, விளக்கு வந்ததும் பிரித்தேன்.

கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வராதீர்கள். உங்களை நான் இன்னும் நிறையத் திட்ட வேண்டியிருக்கிறது. எழுதித் திட்டினால் பதிலுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, நேரில் வந்து திட்டினால் உடனே முகத்தைப் பார்க்கலாம். அதற்காகத்தான் வருகிறேன்.

அந்தப் பெரியவர் காரை வாங்கிக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. வாங்கியிருந்தால் நீங்கள் ஐந்து கார் விற்ற பெருமையோடு பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பீர்கள். துண்டுக்குள் என்னை நினைத்ததை எனக்குச் சொல்லியே இருக்க மாட்டீர்கள். ஒருநாள் என்னை ஊத்துக்குளிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தம்மாவைப் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்டதைத்தான் நான் ஜனவரியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டைக் காலி செய்கிறேன். தையல் மிஷினை மட்டும் லாரியில் போட்டுவிட சோணைமுத்து ஒப்புக்கொண்டிருக்கிறார். வியாழக்கிழமை கோவை எக்ஸ்பிரஸ், மதியம் திருப்பூர் வந்துவிடும். எந்தப் பெட்டியில் இடம் கிடைக்கும் என்று தெரியாது.

நடைமேடையில் கூட்டமாக இருக்கும். என்னைத் தேடிக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், நான் மட்டும் பார்க்க மாட்டேன். ஒரே இடத்தில் நின்று கையைத் தூக்குங்கள். நான் வந்து பிடிக்கும்வரை இறக்காதீர்கள்.

ரோஸ்மேரி